சந்தேக வரிசை

என் அண்ணியிடம் எதையாவது கேட்பதற்கு முன் நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும். கேட்டதற்கு மட்டும்தான் பதில் வரும். அதுவும் அவர் கண்ணால் பார்த்த அளவுக்குத்தான் வரும். வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டால், "ரோடு ஈரமா இருக்கு" என்பார். பிறகு எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இப்ப தூறல்" என்பார். கல்யாணத்துக்கு முன் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா ஆசையாக, "என் பையன் எப்படிம்மா?" என்று கேட்டாள். "உயரம் பரவாயில்லைங்க. இடது காது கொஞ்சம் விடைச்சிருக்கு. சிரிச்சா நல்லா இருக்கு. மத்ததெல்லாம் பழகித்தான் பாக்கணும்" என்றார். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அண்ணன் மட்டும் காதைத் தடவிக்கொண்டே சிரித்தான்.

அவர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் அவருக்குச் 'சாட்சி' என்று பட்டப்பெயர். கேலியாக வைத்ததுதான். போகப் போகக் கேலி தேய்ந்து மரியாதை வந்துவிட்டது. இரண்டு பேருக்குள் தகராறு என்றால், "சாட்சி என்ன சொல்றாங்க?" என்று கேட்டுவிட்டு அடங்கிவிடுவார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். ஃபோன் எடுப்பது, வருகிற பாட்டில்களை வாங்கி வைப்பது, கூட்டம் நடந்தால் திரையில் படம் ஓட்டுவது, எல்லாருக்கும் டீ வந்ததா என்று பார்ப்பது என் வேலை. வேலை வாங்கிக் கொடுத்தவர் அண்ணி. "இவங்க நல்லா வேலை செய்வாங்களா?" என்று கேட்டதற்கு, "வீட்டுல செய்யறா. இங்க செஞ்சு நான் இன்னும் பாக்கல" என்றாராம். சொந்த நாத்தனாருக்கு இப்படியும் ஒரு சிபாரிசு.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது இதுதான். கை கழுவுகிற திரவம், வாய் கொப்பளிக்கிற மருந்து, மூக்கில் அடிக்கிற ஸ்பிரே என்று கம்பெனிக்காரர்கள் எதையாவது கொண்டுவருவார்கள். சளியையும் காய்ச்சலையும் கொடுக்கிற வைரஸை இது கொன்றுவிடும் என்பார்கள். கொல்கிறதா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். வைரஸையும் மருந்தையும் கலந்து, ஒரு மனிதர் வாய் கொப்பளிக்கிற நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் விட்டு, பிறகு மருந்தின் வேகத்தை முறிக்க வேறொரு திரவத்தைச் சேர்ப்பார்கள். அதைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் விடுவார்கள். ஒவ்வொரு குழியின் அடியிலும் உயிருள்ள செல்கள் பரவி ஒட்டியிருக்கும். தட்டு சில நாள் கதகதப்பான பெட்டிக்குள் இருக்கும். வைரஸ் உயிரோடு இருந்தால் செல்கள் உருண்டு, அடியிலிருந்து பெயர்ந்து மிதக்கும். செத்திருந்தால் தரையில் பதித்த ஓடு மாதிரி வரிசை கலையாமல் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ஒவ்வொரு குழியாகப் பார்த்துச் சொல்வதுதான் அண்ணியின் வேலை. அதில் அவரை மிஞ்ச அங்கே ஆளில்லை.

ஆனால் செல்கள் நன்றாக இருப்பதாலேயே வைரஸ் செத்துவிட்டது என்று ஆகிவிடாது. இது எனக்கு ரொம்ப நாள் மண்டையில் ஏறவில்லை. அண்ணிதான் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே விளக்கினார்.

"எண்ணெய் தடவின கையில தண்ணி ஊத்தினா ஒட்டாது. அதுக்காகத் தண்ணியே இல்லன்னு சொல்லுவியா?"

சில மருந்துகளின் மிச்சம் செல்களின் மேல் படிந்துகொண்டு வைரஸை நெருங்கவிடாது. தட்டில் பார்த்தால் வைரஸ் செத்த மாதிரியே இருக்கும். நிஜத்தில் அது உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கும். இந்த ஏமாற்றைப் பிடிப்பதற்கென்றே தனியாகச் சில குழிகள் உண்டு. அவற்றில் முதலில் மருந்தின் மிச்சத்தை மட்டும் விட்டு எடுத்துவிட்டு, அப்புறம் மருந்தே படாத வைரஸை விடுவார்கள். செல்கள் செத்தால் நல்லது, சோதனை சரி. சாகாவிட்டால், அந்தச் சோதனையில் கிடைத்த நல்ல முடிவு எதையும் நம்ப முடியாது. இந்தக் குழிகளுக்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. நாங்கள் 'சந்தேக வரிசை' என்போம்.

சோம்பல்பட்டு இதை விட்டுவிடுகிற இடங்களும் உண்டாம். எங்கள் கூடத்தில் ஒருபோதும் விட்டதில்லை. அந்தப் பெருமை எங்கள் தலைவருக்கே சேரும். எல்லாரும் அவரை மேடம் என்போம். மரியாதை குறையாமல்தான் எழுதப் பார்க்கிறேன். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

மேடமும் அண்ணியும் கல்லூரி விடுதியில் ஒரே அறை. ஒரே குடை, ஒரே சீப்பு, ஜலதோஷம் பிடித்தால்கூட இருவருக்கும் சேர்ந்தே பிடிக்கும். மேடம் மேலே படித்து மேலே போனார். அண்ணிக்கு அந்த ஆசை இல்லை, மைக்ராஸ்கோப்பே போதும் என்று இருந்துவிட்டார். மற்றவர்கள் முன்னால் "மேடம்", கதவைச் சாத்தினால் "ஏண்டி". எங்கள் வீட்டு நல்லது கெட்டது எதுவும் மேடத்துக்குத் தெரியாமல் நடந்ததில்லை. அண்ணியின் வயிற்றில் இருந்த குழந்தை பாதியில் போய்விட்டபோது, ஆஸ்பத்திரியில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மேடம்தான். எங்களிடம் வாய் திறக்காத அண்ணி அவரிடம் மனசைக் கொட்டினார். எனக்கு அப்போது கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

இருவருக்கும் நடுவில் ஒரு வழக்கம் உண்டு. தட்டுகளின் மேல் எது எந்த வரிசை என்று எழுதாமல், மேடம் வெறும் குறி ஒட்டிக் கொடுப்பார். அண்ணி எது என்று தெரியாமலேயே பார்த்து, பார்த்ததைச் சொல்வார். தெரிந்துகொண்டு பார்த்தால் கண் தனக்குப் பிடித்ததைத்தான் பார்க்கும் என்பது இருவருடைய கொள்கை. கடைசியில் குறியைப் பிரித்து, அர்த்தம் சொல்வது மேடத்தின் பொறுப்பு. "பாக்குறது நான், அர்த்தம் சொல்றது அவ" என்று அண்ணி பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வெளியாட்கள் முன்னால் அர்த்தம் பேச வேண்டிய இடம் வந்தால் அண்ணி வாயை மூடிக்கொண்டு மேடத்தின் முகத்தைப் பார்ப்பார். அவர் வாழ்க்கையில் எதையுமே பார்க்காமல் நம்பினார் என்றால், அது இந்த ஒரு ஆளைத்தான்.

இனி என் அண்ணன். அவன் ஒரு பல் ஆஸ்பத்திரியில் உதவியாள். டாக்டர் பல்லைக் குடையும்போது பக்கத்தில் நின்று, எச்சிலை உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொள்வான். "இந்த ஊர்ல பாதிப் பேரோட கடைவாய்ப்பல் எனக்குத் தெரியும். மூஞ்சியப் பாத்தா யாருன்னு தெரியாது" என்பான். சின்ன வயசிலிருந்தே அவனுக்கு இழுப்பு உண்டு. சாதாரணச் சளி பிடித்தாலே நெஞ்சு விசிலடிக்கும், படுத்தால் மூச்சு வராது, உட்கார்ந்தே தூங்குவான். பல்லைக் குடையும்போது நோயாளியின் வாயிலிருந்து கிளம்புகிற சாரல் கண்ணுக்குத் தெரியாமல் காற்றிலேயே நிற்குமாம். அதனால் அந்த ஆஸ்பத்திரியில் நாற்காலிக்கு நாற்காலி தடுப்பு போட்டிருந்தார்கள். ஒரு நோயாளி போனதும் ஜன்னலைத் திறந்து காற்றாட விடுவார்கள். இருமிக்கொண்டு வருகிறவரை அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். அந்தத் தடுப்புகள் இருந்த வரைக்கும் அண்ணிக்குப் பயமில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு கம்பெனி புதிதாக ஒரு கொப்பளிக்கும் மருந்தைக் கொண்டுவந்தது. வாயில் ரொம்ப நேரம் தங்க வேண்டும் என்று அதில் பசை மாதிரி ஏதோ சேர்த்திருந்தார்கள். அதை முதலில் வாங்கப் போவது அண்ணனின் ஆஸ்பத்திரி. நோயாளி உட்கார்ந்ததும் இதில் அரை நிமிஷம் கொப்பளித்துவிட்டால் போதும், தடுப்பை எடுத்துவிட்டு நாற்காலிகளை நெருக்கிப் போடலாம் என்று அங்கே இருந்த பெரிய டாக்டர் நினைத்தார். ஆனாலும் லேசில் எதையும் நம்புகிற ஆள் இல்லை அவர். எங்கள் கூடம் பார்த்துச் சொன்னால்தான் வாங்குவேன் என்று நின்றுவிட்டார்.

அண்ணி தட்டுகளைப் பார்த்தார். மேடம் குறியைப் பிரித்தபோது ஏதோ கேட்கிற சாக்கில் நானும் அங்கே நின்றேன். மருந்து பட்ட வைரஸ் விட்ட குழிகள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. மேடத்தின் முகம் மலர்ந்தது. அடுத்தது சந்தேக வரிசை. அதுவும் பளிச். மருந்தே படாத வைரஸை விட்டும் செல்கள் குத்துக்கல் மாதிரி இருந்தன.

"இது பசையோட வேலைடி," என்றார் அண்ணி.

"தெரியுது. இன்னொரு தடவ போட்டுப் பாரு."

மறுபடி போட்டார். மறுபடியும் அதே கதைதான்.

"பசையை வடிகட்டி எடுத்துட்டுத் திரும்பப் பண்ணணும்," என்றார் அண்ணி. "அதுக்கு நாளாகும். அதுவரைக்கும் வைரஸ் செத்துச்சா இல்லையான்னே நமக்குத் தெரியாதுன்னு அவங்ககிட்ட சொல்லிடு."

"நான் சொல்லிக்கிறேன். அது என் வேலைதானே," என்றார் மேடம். நான் கேட்டேன். இந்தக் காதால் கேட்டேன்.

கம்பெனிக்காரருக்கும் பெரிய டாக்டருக்கும் முடிவைச் சொல்கிற கூட்டத்தன்று காலையில் மேடம் அண்ணியிடம் வந்தார். "நீயும் வந்து உக்காரு. பெரிய டாக்டர் உன் வாயால கேக்கணுமாம். உன் வீட்டுக்காரர் உன்னைப் பத்தி அங்க சொல்லி வச்சிருக்காரு போல." அண்ணிக்கு வெட்கம். துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். கம்பெனிக்காரர், பெரிய டாக்டர், மேடம், அண்ணி, படம் ஓட்ட நான். மேடம் எடுத்துக் கொடுத்த படங்கள்தான் என் கம்ப்யூட்டரில் இருந்தன. பளிச்சென்று இருந்த குழிகளின் படம் திரையில் வந்ததும் டாக்டர் திரும்பினார்.

"நீங்கதானேம்மா இதைப் பாத்தது?"

"ஆமாங்க."

"உங்க கண்ணால பாத்தீங்க. மருந்து பட்ட குழியில எல்லாம் செல்லு நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுங்க. ஒண்ணுகூடப் பெயரல."

சொல்லிவிட்டு அண்ணி வழக்கம்போல மேடத்தின் முகத்தைப் பார்த்தார். இனி அர்த்தம் சொல்ல வேண்டியது மேடம். "ரொம்ப நன்றி" என்றார் மேடம். அடுத்த படம் போடச் சொல்லி எனக்குக் கை காட்டினார். சந்தேக வரிசையின் படம் வரும் என்று நினைத்துத்தான் பட்டனைத் தட்டினேன். கம்பெனியோடு சேர்ந்து நாங்கள் கட்டப் போகிற புதிய ஆய்வுக்கூடத்தின் வரைபடம் வந்தது. கம்பெனிக்காரர் கை தட்டினார். டாக்டரும் தட்டினார். அண்ணி திரையையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் மேடம், "டீ வரட்டும்" என்று என்னை அனுப்பிவிட்டார். நான் திரும்பி வந்தபோது எல்லாரும் எழுந்து கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வராந்தாவில் அண்ணி மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "மிச்சத்தை எப்ப சொல்லப் போற?"

"டாக்டர்கிட்ட தனியா சொல்றேன். கம்பெனிக்காரர் முன்னாடி எப்படிச் சொல்றது?"

அண்ணி நம்பினார். வீட்டுக்கு வருகிற வழியில் பஸ்ஸில் என்னிடம், "அதுவும் சரிதான்" என்றுகூடச் சொன்னார். எனக்குத்தான் மனசில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு வாரம் போயிருக்கும். அண்ணன் வேலையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தான்.

"உங்க அண்ணி இன்னைக்கு எங்க ஆஸ்பத்திரியில பெரிய ஆளு, தெரியுமா? தடுப்பை எல்லாம் கழட்டியாச்சு. புதுசா நாற்காலி வந்திருக்கு. பெரிய டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டு வச்சு, 'சாட்சியே சொல்லியாச்சு, இனிமே பயம் வேண்டாம்'னாரு. ஆளுக்கு ஒரு பாட்டில் வேற குடுத்தாங்க."

அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது. "மேடம் அவர்கிட்ட வேற எதுவும் சொல்லலையா?" என்றார். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணி எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் கேட்டுவிட்டு, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "சரி, நாளைலேருந்து ரெண்டு மாஸ்க் போட்டுக்கிறேன்" என்றான். அவனைப் பற்றி நான் ஆயிரம் குறை சொல்வேன், ஆனால் இந்த விஷயத்தில் அவன் தங்கம்.

மறுநாள் அண்ணி மேடத்தின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதவு பெயருக்குத்தான் கதவு.

"ஏண்டி என்னைப் பேச வச்ச?"

"நான் சொன்னா வியாபாரம்னு நினைப்பாங்க. நீ சொன்னா நம்புவாங்க."

"நான் பாதியைத்தான் சொன்னேன். மீதியை நீ சொல்லிக்கிறேன்னு சொன்ன."

"நீ பொய் சொல்லலையே. பாத்ததைத்தானே சொன்ன," என்றார் மேடம். குரலில் கோபமே இல்லை, குழந்தைக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி இருந்தது. "இங்க பாரு. சந்தேக வரிசையில ஏதோ நம்ம செல்லுலயே கோளாறா இருக்கலாம். எனக்கு இந்த மருந்து மேல நம்பிக்கை இருக்கு. நிஜமாவே வேலை செய்யுது. வடிகட்டிப் பாத்தாலும் இதேதான் வரும். இந்தக் கம்பெனி போயிட்டா இந்தக் கூடமே இருக்காது. அப்புறம் நீ எதைப் பாப்ப?"

"அப்ப வடிகட்டிப் பாக்க விடு."

"அந்த வேலையை முடிச்சு மூடியாச்சு, இனிமே யாரும் தொடக் கூடாது. மிச்ச மருந்தையும் திருப்பி அனுப்பிட்டேன்."

வெளியே வந்த அண்ணியின் முகம் வெளிறியிருந்தது. உள்ளே போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். அண்ணி என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "அவ நிஜமாவே நம்புறாளோ என்னவோ" என்றார். மருந்து நல்லது என்று அவள் மனசார நம்பியிருந்தால், அது தப்புதான், ஆனால் துரோகம் இல்லை. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணி நின்றார்.

ஆனாலும் அண்ணன் நிற்கிற இடத்தில் தடுப்பு இல்லை. அன்று மத்தியானமே அண்ணி பெரிய டாக்டரைப் பார்க்கப் போனார். துணைக்கு நானும் போனேன். டாக்டர் நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அண்ணி சந்தேக வரிசையைப் பற்றி முதலிலிருந்து சொன்னார். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கு நீங்க சொன்னது பொய்யாம்மா?"

"இல்லைங்க."

"இப்ப சொல்றது?"

"இதுவும் பொய் இல்லைங்க."

"ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்கம்மா. நான் எதை வச்சு முடிவு பண்றது?"

அவர் எங்கள் முன்னாலேயே மேடத்துக்கு ஃபோன் போட்டார். நாங்களும் கேட்கட்டும் என்று நல்லெண்ணத்தில் ஸ்பீக்கரில் போட்டார். நாங்கள் அங்கே உட்கார்ந்திருப்பதை மட்டும் சொல்லவில்லை. விஷயத்தைக் கேட்டதும் மேடம் பெருமூச்சு விட்டார்.

"வருத்தமா இருக்கு சார். அவளுக்குக் குழந்தை பாதியில போயிடுச்சு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அதுலேருந்து அவ அவளா இல்ல. கண்ணுக்கு முன்னாடி இருக்கிறதே சரியாத் தெரியலன்னு அவளே எங்கிட்ட அழுதிருக்கா. அந்த வரிசையை அவ எப்படிப் பாத்தாளோ. நான்தான் வேலையில வச்சுக் காப்பாத்திட்டு இருக்கேன்."

ஆஸ்பத்திரிப் படுக்கையில், அந்த மடியில் படுத்துக்கொண்டு சொன்ன வார்த்தை அது. அதுவரை எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. மருந்து பட்ட குழிகளைப் பார்த்தபோது மட்டும் நல்ல கண்ணாக இருந்ததாம், சந்தேக வரிசைக்கு வந்ததும் அழுத கண் ஆகிவிட்டதாம். நான் கத்தப் போனேன். அண்ணி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

அதற்குள் டாக்டர் ஃபோனை வைத்துவிட்டார். அவர் முகத்தில் இரக்கம் வழிந்தது. "வீட்டுக்குப் போய் நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா. உடம்பு முக்கியம்," என்றார். திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருக்கலாம். இரக்கத்துக்கு என்ன பதில் சொல்வது? தெருவில் இறங்கி நடந்தபோது அண்ணி ஒரு தடவை நின்று, "எல்லாத்தையும் விட்டுட்டு அதையா எடுத்தா?" என்றார். மறுநாளிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. எங்களைத் தேடி யாரும் வரவும் இல்லை.

குளிர் தொடங்கியதும் ஊரெல்லாம் காய்ச்சல். அண்ணன் இரண்டு மாஸ்க்கோடு போய்க்கொண்டுதான் இருந்தான். நோயாளிகள் அந்த மருந்தில் கொப்பளித்துவிட்டு, இருமலை அடக்கிக்கொண்டு வாயைத் திறந்தார்கள். ஒருநாள் பாதி வேலையில் வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் அனலாக அடித்தது. நெஞ்சுக்குள் விசில் கேட்டது. எங்கள் தெரு டாக்டர் வீட்டுக்கு வந்து பரிசோதித்து, காய்ச்சல் வைரஸ்தான், இழுப்பு இருப்பதால் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும், வேறு யாரும் கிட்டே போக வேண்டாம் என்றார். சில நாள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகும் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினான்.

"எல்லாம் அந்தப் புண்ணியவதி செஞ்ச வேலை," என்றேன் நான்.

"அங்கேருந்துதான் வந்துச்சுன்னு நான் பாக்கல," என்றார் அண்ணி. இவரை வைத்துக்கொண்டு ஒரு சாபம்கூட நிம்மதியாக விட முடியாது.

அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார ஆரம்பித்த சமயத்தில், ஒருநாள் காலையில் மேடம் வந்தார். கையில் ஒரு பை நிறையப் பழம். மூக்கையும் வாயையும் இறுக்கிப் பிடித்த கனமான மாஸ்க். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலுக்கு வெளியே நின்றார். நான் கதவை அறைந்து சாத்தப் போனேன். அண்ணி என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தார்.

"எப்படி இருக்காரு?" என்றார் மேடம்.

"உக்காந்திருக்காரு. இன்னும் இருமல் இருக்கு. காய்ச்சல் முழுசா விடல."

"கேள்விப்பட்டதும் மனசு கேக்கல. பழசை எல்லாம் மறந்துடு. வேலைக்கு வா. உன்னை மாதிரி பாக்க அங்க ஆளில்ல."

"உள்ள வந்து அவரைப் பாரு," என்றார் அண்ணி.

"இல்ல, இருக்கட்டும். இங்கேருந்தே விசாரிச்சுட்டுப் போறேன்."

அண்ணி ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு உள்ளே போய், பல் ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குக் கொடுத்திருந்த கொப்பளிக்கும் மருந்துப் பாட்டிலை எடுத்துவந்தார். வாசலிலிருந்து பார்த்தால் அண்ணன் கட்டில் நேராகத் தெரியும். மூடியில் ஊற்றி அவன் கையில் கொடுத்தார். அண்ணனுக்கு நொடியில் விளங்கிவிட்டது. வாயில் ஊற்றிக்கொண்டு, மூச்சு முட்ட முட்ட, மேடத்தைப் பார்த்தபடியே கொப்பளித்தான். அண்ணி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிண்ணத்தை நீட்டினார். அண்ணன் துப்பினான்.

"அரை நிமிஷம் ஆச்சு," என்றார் அண்ணி. "மாஸ்க்கைக் கழட்டிட்டு உள்ள வா. அவர் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்து பேசிட்டுப் போ."

மேடம் அசையவில்லை.

"வாங்க மேடம்," என்றான் அண்ணன், இருமலுக்கு நடுவில். "உங்க மருந்துதான்."

அவன் இருமியதும் மேடத்தின் கால் ஒரு அடி பின்னால் போனது. அவர் அறிந்து வைத்த அடி இல்லை அது. கை தானாக எழுந்து மாஸ்க்கை இன்னும் இறுக்கியது. "வீட்டுல அம்மா இருக்காங்க. வயசானவங்க..." என்றார்.

"வாடி," என்றார் அண்ணி. அதட்டலாக இல்லை. கெஞ்சுகிற குரல் அது. எனக்கு அப்போது அது ஏன் என்று விளங்கவில்லை. "ஒரே ஒரு தடவ உள்ள வந்துட்டுப் போ. நான் எல்லாத்தையும் மறந்துடுறேன். சத்தியமா மறந்துடுறேன்."

மேடத்தின் கண்கள் கலங்கின. பழப்பையை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். தெரு முனை வரைக்கும் அண்ணி பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு உள்ளே வந்து பெரிய டாக்டருக்கு ஃபோன் போட்டார். "சார், மேடம் இவரைப் பாக்க வந்திருந்தாங்க. இவரு உங்க ஆஸ்பத்திரி மருந்துல அவங்க கண் முன்னாடியே கொப்பளிச்சாரு. அரை நிமிஷம். அப்புறம் உள்ள கூப்பிட்டேன். வரல. மாஸ்க்கை இறுக்கிக்கிட்டு வாசல்லேருந்தே போயிட்டாங்க. நான் பாத்தது அவ்வளவுதான் சார். அர்த்தம் நீங்க சொல்லுங்க." "நாளைக்கே தடுப்பை மாட்டிடுறேம்மா" என்று டாக்டர் சொன்னது எனக்கே கேட்டது.

எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. "பாத்தீங்களா அண்ணி, நல்லா மாட்டிக்கிட்டாங்க," என்றேன்.

அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. ஆஸ்பத்திரியில் குழந்தை போனபோதுகூட எங்கள் முன்னால் அழாதவர், வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அவ உள்ள வந்திருக்கலாம்," என்றார். "வந்திருந்தா, இந்த மருந்தை அவ நிஜமாவே நம்பியிருக்கா, தெரியாமத்தான் பண்ணிட்டான்னு நினைச்சுட்டு இருந்திருப்பேன்."

அண்ணன் கட்டிலிலிருந்து கையை நீட்டி அவர் தலையில் வைத்தான். அவனுக்கு மறுபடி இருமல் வந்தது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெந்நீர் எடுத்துவர எழுந்து போனார்.